செங்கல்பட்டு போன என் பை

போன வருஷம் ஏப்ரல் மாதம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சம்மர் கேம்ப் நடத்தக் கைவினை ஆசிரியை ஒருவர் தேவை என்று எங்கள் காலனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மகன் பிறந்தபின் ஒன்பது வருஷமாக வீட்டோடு இருந்தவள் நான். "போய்த்தான் பாரேன், எங்களை மட்டும் விரட்டி என்ன பிரயோஜனம்?" என்று கணவர் சீண்டினார். வீம்புக்குத்தான் விண்ணப்பித்தேன். ஆனால் நேர்காணலுக்குக் கூப்பிட்டதும், இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, வண்ணத்தாள், பசை, செய்த மாதிரிகள் எல்லாம் இருந்த பையை மேலே வைத்தேன். தாம்பரம்தானே கடைசி, கூட்டம் இறங்கட்டும் என்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன். பாதிப் பேர் எழுந்திருக்கவே இல்லை. அட கடவுளே, அது செங்கல்பட்டு வண்டி! அலறியடித்து இறங்கினேன். பை இறங்கவில்லை.

பள்ளிக்குப் போனபோது என்னைத் தவிர ஒரே ஒருத்திதான் வந்திருந்தாள். படப்பையிலிருந்து வந்த பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். இருப்பதோ ஒரே வேலை. ஆளுக்குக் கால் மணி நேரம், பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யக் கற்றுத்தர வேண்டும். முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"ஏங்க்கா இப்படி வேர்த்துப் போயிருக்கீங்க?" என்றாள். சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் தன் பையைத் திறந்து பன்னிரண்டு தாளை எண்ணி என் கையில் திணித்தாள். "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

நான் தாள் கிடைத்த சந்தோஷத்தில் உள்ளே ஓடினேன். தவளை செய்யக் கற்றுக்கொடுத்தேன். நன்றாகவே செய்தேன், பொய் சொல்வானேன்.

அடுத்து அவள் முறை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவளிடம் மிச்சமிருந்தது ஆறே தாள்! அவளோ கொஞ்சமும் அசரவில்லை. பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, இரண்டு பேருக்கு ஒரு தாள் கொடுத்தாள். ஒரு மடிப்பு இவன், அடுத்த மடிப்பு அவள். ஒரே சிரிப்பு, கும்மாளம்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பொறாமைதான். ஒரு நன்றி கூடச் சரியாகச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, பள்ளியில் என் நம்பரை வாங்கி அவளே போன் செய்தாள்.

"அக்கா, பசங்க நிறைய சேர்ந்துட்டாங்க. இன்னொரு பேட்ச் போடறாங்க. யாரைக் கூப்பிடலாம்னு சார் கேட்டாரு, உங்களைத்தான் சொன்னேன். வரும்போது ட்ரெயின்ல பையை விட்டுட்டு வராதீங்க!"

போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். அந்தக் கேம்ப்பில் தொடங்கி இன்றுவரை வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் மாறிப்போனது. இப்போதெல்லாம் யார் எதைக் கொடுத்தாலும், "உனக்கு இருக்கா?" என்று கேட்காமல் நான் கை நீட்டுவதில்லை.