ஐம்பத்து மூன்றில் பிறந்தவள்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வரும் மலரில் வாரம் ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டில் உலகத்தில் என்ன நடந்தது, யார் யார் பிறந்தார்கள் என்று போடுவார்கள். ஒரு வாரம் 1953 வந்தது. எவரெஸ்ட்டில் மனிதன் ஏறினான். இங்கிலாந்தில் ராணிக்கு முடிசூட்டினார்கள். ரஷ்யாவின் தலைவர் இறந்தார். கொரியாவில் சண்டை நின்றது. அதற்குக் கீழே, அந்த வருடம் பிறந்து பிற்பாடு பேர் வாங்கிய நடிகர்கள், பாட்டுக்காரர்கள், நாட்டை ஆண்டவர்கள் என்று வரிசையாகப் படங்கள். ஆந்திரா பிரிந்தது ஒரு மூலையில் ஒற்றை வரியாக இருந்தது. என் மகளும் அந்த வருடம்தான் பிறந்தாள்.

திருத்தணியில் என் தாய்வீட்டில் தலைப்பிரசவம். மலை ஏறிய செய்தியும் முடிசூட்டு விழாவும் ஒரே நாளில் வந்தன. அன்று காலையில் பிறந்தாள். என் வீட்டுக்காரர் நகரியில் லுங்கி நெய்கிறவர். சாயங்காலமானால் பஞ்சாயத்துப் பூங்காவில் இருந்த ரேடியோவைத் திருகி ஊருக்குச் செய்தி கேட்க வைப்பதும் அவர்தான். மறுநாள் வந்து குழந்தையைக் குனிந்து பார்த்தார்.

"உலகத்துலயே ஒசரமான மலைல ஏறிட்டாங்களாம்மே. நம்ம பொண்ணு நல்ல நாளாப் பார்த்துதான் வந்துகீது" என்றார்.

எங்கள் பக்கம் அப்போது வேறு பேச்சே இல்லை. தெலுங்கு ஜில்லாக்களைச் சென்னை ராஜ்யத்திலிருந்து பிரித்து ஆந்திராவாக ஆக்கப்போகிறார்கள், சித்தூர் ஜில்லா மொத்தமாக அதோடு போகிறது என்றார்கள். திருத்தணி, நகரி, புத்தூரில் எல்லாம் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறோமே, எங்களை ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஊர்வலம், கடையடைப்பு, ரயில் மறியல். அவரும் தறியை நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டார்.

ஆடி மாதம், நான் இன்னும் தாய்வீட்டில் இருக்கும்போதே, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பால் குடிக்கவில்லை. கழுத்து பின்பக்கமாக விறைத்துக்கொண்டு, கண் மேலே செருகிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தது. எங்கள் தெருவில் வைத்தியம் பார்த்த கம்பவுண்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வெச்சிக்கினு இருக்காதீங்க. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுங்க" என்றார். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவும் நானும் ரேணிகுண்டா போகும் ரயிலில் ஏறினோம்.

நகரி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் நின்றது. ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள், மறியல் என்றார்கள். தண்டவாளத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக்குள் காற்றே இல்லை. என் மடியில் குழந்தை ஒருதரம் இழுத்து அடங்கியது, மறுபடி இழுத்தது. நைனா இறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"எல்லார் ஊட்லயும் ஒரு கஷ்டம் கீது பெரியவரே, இன்னிக்கு உட்டா நம்ம ஊரே போய்டும்ங்கறாங்க" என்றார். நைனாவும் அந்தக் கூட்டங்களுக்குக் காசு கொடுத்தவர்.

எனக்கு என்ன தோன்றியதோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஜல்லிக் கற்களில் கால் புரள, பெட்டிகளைப் பிடித்துப் பிடித்து எஞ்சின்வரை நடந்தேன். அங்கே, எஞ்சினுக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் அடையாளமே தெரியவில்லை. பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

அவர் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "நீ எயுந்தா பின்னால கீறவன் எல்லாம் எயுந்துடுவான்."

"எங் கொயந்தடா" என்றார் அவர்.

அந்த ஆள் கையை விட்டார். ஆனாலும் கூட்டம் எழுந்திருக்கவில்லை. ரயிலும் நகரவில்லை. அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு வயல் வரப்பில் ரோட்டை நோக்கி ஓடினார். நானும் நைனாவும் பின்னாலேயே ஓடினோம். பஸ் இல்லை. போன ஜட்கா நிற்கவில்லை. வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரியை நைனா நடுரோட்டில் நின்று மறித்தார். டிரைவர் தெலுங்குக்காரர். "ஏமைந்தி?" என்று கேட்டபடி எட்டிப் பார்த்தவர், குழந்தையைக் கண்டதும், "எக்கண்டம்மா, எக்கண்டி" என்று கதவைத் திறந்துவிட்டார். அவர் சரக்கு புத்தூரோடு இறங்கவேண்டியது. புத்தூரில் நிறுத்தவே இல்லை, நேரே திருப்பதிக்கு விட்டார்.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். வேளை தவறாமல் பென்சிலின் போட்டார்கள். பிழைக்காது என்றே நான் நினைத்தேன். வராந்தாவில் மலையைப் பார்த்தபடி நிற்பேன். ஏழுமலையானிடம் என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட வாயில் வராது. என் வீட்டுக்காரர் டாக்டரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "ரயிலு நிக்காம இருந்திருந்தா?" டாக்டர், அதை யாராலும் சொல்லமுடியாது என்றார்.

குழந்தை பிழைத்தது. பால் குடித்தது. சிரிக்கக்கூடச் செய்தது. நகரிக்குக் கூட்டிவந்தோம்.

ஆந்திரா பிறந்த அன்று எங்கள் கடைத்தெருவில் கொண்டாட்டம். தோரணம் கட்டி, மிட்டாய் கொடுத்தார்கள். மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் வாசலுக்கு நேராகச் சரவெடி வைத்தான் ஒருவன். நான் பதறிப்போய் புடவையில் கட்டிய ஏணையிலிருந்த குழந்தையின் காதைப் பொத்த ஓடினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெடி வெடித்துக்கொண்டே இருக்கிறது, இமைகூட ஆடவில்லை.

அவரும் பார்த்துவிட்டார். சமையலறைக்குப் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துவந்து அவள் தலைமாட்டில் தட்டினார். இன்னும் ஓங்கித் தட்டினார். நான் கையைப் பிடித்து நிறுத்தும்வரை தட்டினார். சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போய், ரேடியோவை முழுசாகத் திருகி, பெட்டிக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அவள் பெட்டியின் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தாளாம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

அதன்பிறகு வேலூர், சித்தூர், சென்னை என்று அலைந்தோம். மந்திரித்தோம். காதில் எதை எதையோ ஊற்றினோம். காய்ச்சலில் காது நரம்பே போய்விட்டது என்று ஒவ்வொரு டாக்டரும் சொன்னார். அவள் வளர்ந்தாள். ஒரு சொல் வரவில்லை. தமிழும் தெலுங்கும் தெருவில் கலந்து ஓடிக்கொண்டிருந்தன, எதுவும் அவளிடம் வந்து சேரவில்லை.

அறுபதில் எல்லையைத் தீர்த்துவைத்தார்கள். திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. என் தாய்வீடு ஒரு ராஜ்யம், நான் வாழ்க்கைப்பட்ட வீடு வேறு ராஜ்யம். அவரிடம் யாரோ வந்து, "இவ்ளோ பண்ணியும் நம்ம ஊரு ஆந்திராலயே நின்னுபோச்சே" என்றார்கள். அவர் தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "போவட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருடமே அவளைச் சென்னையில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அங்கேயே தங்கவேண்டும். ஏதோ வேடிக்கை பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே குதித்துக் குதித்து நடந்தாள். எதற்காக விட்டுவிட்டுப் போகிறோம், எப்போது திரும்பி வருவோம் என்று அவளுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பாஷையும் இல்லை. நாங்கள் திரும்பியதும் புரிந்துவிட்டது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்த அம்மாள் விரல் விரலாக எடுத்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே வந்து அவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதார்.

முதல் லீவுக்கு வந்தபோது அவள் என்னிடம் வரவில்லை. வாசல்படியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்து, என் முன்னால் நின்று, கையைக் குவித்து வயிற்றில் வைத்து ஏதோ காட்டினாள். எங்கள் வீட்டில் இல்லாத சைகை அது. நான் விழித்தேன். அவள் பொறுமையாக இன்னொரு தரம் காட்டினாள்.

"பசிக்குதுங்கறா" என்றார் அவர் தறியிலிருந்தபடி. அந்தச் சைகையை அவரும் ஒருதரம் செய்து பார்த்தார்.