‘இறுதியாக’ என்று சொன்ன பிறகு

மைக் முன்னால் உட்கார்ந்துவிட்ட நம் ஆட்களை நிறுத்துவதற்கு இதுவரை யாரும் பட்டன் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பட்டனின் வேலையைச் சம்பளத்துக்குப் பார்ப்பவள் நான். பாட்காஸ்ட் எடிட்டர் என்று பெயர். நாட்டு நடப்பு, பண்பாடு, சிந்தனை என்று வாரத்துக்கு ஒருவர் வந்து இரண்டரை மணி நேரம் பேசுவார். அதை நாற்பது நிமிஷமாக்கி உங்கள் காதுக்கு அனுப்புவேன். வேலைக்குப் போகும் வழியில் அந்த நாற்பது நிமிஷத்தையே தாங்க முடியாமல் பாட்டுக்கு மாறியவர் நீங்கள் என்றால், மீதி நூற்றுப் பத்து நிமிஷத்தையும் கேட்டவளை நினைத்து ஆறுதல் அடையுங்கள்.

எங்கள் நிகழ்ச்சியின் பெயர் ‘ஒளிவு மறைவு இல்லை’. நடத்துபவர் குணா அண்ணன், முன்பு இன்ஷூரன்ஸ் விற்றவர். கமுந்திங்கில் ஃபேக்டரி வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் மைக் கவனித்துவந்த என்னைக் கூட்டி வந்தவர் அவர்தான். ஃபாதரின் பிரசங்கத்தையே சமாளித்தவள் எதையும் சமாளிப்பாள் என்று நினைத்திருப்பார். பாதிதான் சரி. ஃபாதர் பசி வந்தால் நிறுத்திவிடுவார்.

பக்கத்துக் கட்டடம்

ஈப்போ பக்கம் லகாட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் ஸ்டூடியோ. அறை ஏன் இத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்துக் கட்டடத்தில் மனிதர்கள் இல்லை. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சின்னச் சின்ன ஓட்டை விட்டு, உள்ளே குருவிகளைக் கூடு கட்ட விட்டிருக்கிறார்கள். சூப்புக்கு விற்கிற கூடு. குருவிகளை வரவழைக்க, பதிவு செய்த குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் காலை முதல் போட்டுக்கொண்டே இருப்பார்கள். எங்கள் சிந்தனையாளர்கள் மூச்சு வாங்கும் இடமெல்லாம் கீச் கீச். ஒருவர் தமிழர் எதிர்காலத்தைப் பற்றி மனம் உடைந்து பேசிய நிகழ்ச்சிக்கு, ‘காட்டுக்குள் போய்ப் பதிவு செய்தது மிக அருமை’ என்று ஒரு நேயர் பாராட்டி எழுதியிருந்தார்.

பொறுக்க முடியாமல் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர், சீனர் ஆ சோங்கிடம் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். வெள்ளை சிங்லெட் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் மேலே என்ன பதிவு செய்கிறீர்கள், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று விசாரித்தார். நானும் வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். அவர் மலாயில் சொன்ன பதிலை அப்படியே தமிழில் தருகிறேன், ‘பெண்ணே’ என்பதற்கான அமோயை மட்டும் விட்டுவைத்து:

“என் சத்தத்துக்குக் குருவியாவது வருது அமோய். நீ குறைச்சுக்கோ.”

பார்க்க முடியாத சால்வை

எங்கள் ஸ்டூடியோவின் புரவலர் ஒரு டத்தோ. சுல்தான் கொடுக்கும் அந்தப் பட்டம் வந்த பிறகு அவருடைய பெயரை அவரே மறந்திருக்கலாம், அதனால் நானும் சொல்லவில்லை. ‘வேர்களை மறக்கலாமா’ என்ற தலைப்பில் பேச வந்தவர், முதலில் சால்வை போடுங்கள் என்றார். கேமரா இல்லை டத்தோ, கேட்பவர்களுக்குத் தெரியாது என்றேன். தெரியாவிட்டால் என்ன, சொல்லலாமே என்றார். அவரைப் பற்றிய அறிமுகத்தை குணா அண்ணன் பதினான்கு நிமிஷம் வாசித்தார். சால்வையை இரண்டு தடவை போட்டோம், முதல் தடவை நான் இருமிவிட்டேன் என்பதற்காக. கைதட்டலைப் பிறகு எடிட்டிங்கில் சேர்க்கச் சொன்னார். பேச்சில் ஐந்து ‘இறுதியாக’ இருந்தன. ஐந்தாவதற்குப் பிறகுதான் அவருடைய குழந்தைப் பருவமே ஆரம்பமானது.

இங்கே என் கதை கொஞ்சம். ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, தொழிலாளர் லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின, நாங்களும் வெளியே வந்துவிட்டோம். அப்பா மட்டும் அங்கேயே இருக்கிறார், கல்லறையில். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போய்ப் புல்லை வெட்டி மெழுகுவர்த்தி ஏற்றுவோம். போன வருஷம் போனபோது இரும்பு கேட்டில் புதுப் பூட்டு. நிலம் ஒரு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது, வெளியாருக்கு அனுமதி இல்லை என்றான் காவலுக்கு நின்ற ஜாகா. அம்மா கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்திலேயே மெழுகுவர்த்தியை வைத்தார். லாரி போகிற காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. அம்மா ஒவ்வொரு தடவையும் குனிந்து மறுபடி ஏற்றினார்.

அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர் நம் டத்தோ. ஆகவே வேர்களைப் பற்றிப் பேசி முடித்தவரைக் கார்வரை வழியனுப்பி, வருஷத்தில் ஒரு நாள் அந்த கேட்டைத் திறக்கச் சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். அவர் தோளில் அந்தச் சால்வை இன்னும் இருந்தது. கார் கண்ணாடி பாதி இறங்கியது.

“எழுதிக் குடுங்கம்மா, பாப்போம். அந்தக் கைதட்டு மட்டும் கொஞ்சம் பலமா வச்சுடுங்க.”

மறுநாள் காலை

எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. நம் ஆட்களிடமிருந்து மறுநாள் காலையே பதில் வருவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்.

ஈப்போவில் டியூஷன் சென்டர் நடத்தும் ஒருவர் வந்தார். கல்யாண மண்டப ஆடம்பரம், கோயில் கமிட்டி சண்டை, கட்சிக்காரர்களின் பொய் எல்லாவற்றையும் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார். எனக்கே உடம்பு சிலிர்த்தது. மறுநாள் காலை ஏழரைக்கு போன்: மண்டபத்தை எடுத்துவிடுங்கள், என் மச்சானுடையது. ஒன்பதுக்கு: கோயிலை எடுத்துவிடுங்கள், அடுத்த மாதம் தேர்தல், நான் நிற்கிறேன். பதினொன்றுக்கு: கட்சியை எடுத்துவிடுங்கள், அவர்களும் மனிதர்கள்தானே. ஒரு மணிக்கு அவர் மனைவியே அழைத்தார்.

“அவரு மொதல்ல சொன்ன வணக்கமும் கடைசில சொன்ன நன்றியும் இருக்கட்டும் அக்கா. நடுவுல உள்ளத எடுத்துருங்க.”

பஸ்ஸில் வந்தவர்

எதையும் எடுக்கச் சொல்லாத ஒரே விருந்தாளி சவேரியம்மா அக்கா. அந்தத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே இன்னும் மிச்சமிருக்கும் நான்கைந்து குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அவர் கணவரும் என் அப்பாவும் இரண்டு வரிசை தள்ளிப் படுத்திருக்கிறார்கள். தோட்டத்து வாழ்க்கை பற்றிப் பேச ஒருவர் வேண்டும் என்று குணா அண்ணன் கேட்டபோது நான்தான் இவரை அழைத்தேன். இரண்டு பஸ் மாறி வந்தார். ஒன்பது நிமிஷம் பேசினார். நிலம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை, வருஷத்தில் ஒரு நாள் கேட்டைத் திறந்துவிடுங்கள், புல்லை வெட்டிவிட்டுப் போய்விடுகிறோம் என்றார். ஒரு ‘இறுதியாக’ கூட இல்லை. வெட்டுவதற்கு எதுவுமே இல்லாத ஒரே பேச்சு என் தொழிலில் அதுதான்.

அதைத்தான் வெட்டச் சொன்னார் குணா அண்ணன். டத்தோ மனசு கோணினால் ஸ்டூடியோவே இருக்காது ஸ்டெல்லா என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நானும் வெட்டினேன். என் அப்பா படுத்திருக்கிற இடத்தைப் பற்றிய பேச்சை என் கையாலேயே வெட்டினேன், அதுவும் வெட்டிய இடம் தெரியாமல் சுத்தமாக. நிகழ்ச்சி வெளியான அன்று சவேரியம்மா அக்கா போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்:

“கேட்டேன் ஸ்டெல்லா. நான் பஸ்ல வந்தது வரைக்கும் இருக்கு. எதுக்கு வந்தேங்கிறதுதான் இல்ல.”

மரியாதை

அந்த வாரம் முழுக்க அந்த ஒன்பது நிமிஷத்தையே திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு டத்தோவுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். ‘மண்ணின் வேர்கள்: டத்தோவுடன் ஒரு நேரடி ஒலிப்பதிவு. இடம்: தோட்டத்துக் கல்லறை. நாள்: கல்லறைத் திருநாள், காலை ஒன்பது மணி. பார்வையாளர்கள் உண்டு. சால்வை உண்டு.’ குணா அண்ணனிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கேட்டைத் திறக்கச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு ஏழு மாதமாகப் பதில் இல்லை. இதற்குப் பத்து நிமிஷத்தில் வந்தது. எத்தனை சால்வை என்று மட்டும் கேட்டிருந்தார்.

அன்று காலை ஜாகா சல்யூட் அடித்து கேட்டைத் திறந்தான். டத்தோவின் காருக்குப் பின்னால் வரிசையாகக் காரும் மோட்டார் சைக்கிளும் நுழைந்தன. பார்வையாளர்கள் என்றார் குணா அண்ணன் ஜாகாவிடம். பார்வையாளர்களின் கையில் மண்வெட்டி, பாராங் கத்தி, வெள்ளைப் பெயின்ட் டின், செவ்வந்திப் பூ. உள்ளே சிலுவையும் தெரியவில்லை, சூலமும் தெரியவில்லை, எல்லாம் இடுப்பளவு லாலான் புல். ஒரு செம்பனை நிழலில் டத்தோவுக்கு நாற்காலி போட்டு, சால்வை போட்டு, மைக்கை நீட்டினேன். முட்டிவலியால் அம்மா வரவில்லை. ஹெட்போனோடு நான் மைக்கை விட்டு நகர முடியாது. அப்பாவை சவேரியம்மா அக்காவிடம் ஒப்படைத்திருந்தேன்.

இத்தனை வருஷம் யார் எப்போது முடிப்பார் என்று காத்துக் கிடந்தவள் நான். அன்று பாருங்கள், அந்த மனிதர் பதினைந்தே நிமிஷத்தில், வெயில் அதிகம், இறுதியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன் என்றார். பாதிப் பேர் இன்னும் கல்லறையையே கண்டுபிடிக்கவில்லை. பதிவு ஓடுவதால் வாய் திறக்க முடியாமல் குணா அண்ணனைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, டத்தோ பட்டம் கிடைத்த நாளைப் பற்றி நேயர்கள் விரிவாகக் கேட்க ஆசைப்படுகிறார்கள் என்றார். விரிவாக! அந்த வார்த்தையை எங்கள் ஸ்டூடியோவில் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டதே அவர்தான். டத்தோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டம் கிடைத்த நாள், அதற்கு முந்தைய நாள், அன்று போட்ட கோட், அதைத் தைத்தவர். பேசுங்க டத்தோ, பேசுங்க என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஹெட்போனில், அவருடைய பேச்சுக்குப் பின்னால், மண்வெட்டி சிமென்ட்டில் மோதும் சத்தம் கேட்டது. திரும்பினேன். சவேரியம்மா அக்கா தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். அப்பா கிடைத்துவிட்டார். எனக்கு அழுகை பொங்கி வந்தது. தன் கோட்டின் கதை என்னை உருக்கிவிட்டதாக நினைத்து டத்தோ இன்னும் அரை மணி நேரம் பேசினார்.

நடுவில் ஒரே ஒரு தடவைதான் சந்தேகப்பட்டார். பார்வையாளர்கள் ஏன் எல்லாரும் குனிந்துகொண்டே இருக்கிறார்கள் என்று குணா அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார். மரியாதை டத்தோ, என்றார் அண்ணன். தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டு மேலே பேசினார். அவர் ஆறாவது ‘இறுதியாக’வைச் சொல்லி எழுந்தபோது எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. அவர் கார் வெளியேறியதும் எங்களையும் வெளியே விட்டு ஜாகா பூட்டைப் போட்டான். சவேரியம்மா அக்கா ரோட்டோரம் நின்று மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“அடுத்த வருசமும் இவரையே கூப்பிடு லா. நல்லா நேரம் எடுத்துப் பேசுறாரு.”

பேசுகிறவருக்குப் பின்னால் கேட்கும் இரைச்சலை நீக்கிச் சம்பளம் வாங்குகிற நான், பேச்சை நீக்கிவிட்டு இரைச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டிய ஒரே ஒலிப்பதிவு அதுதான்.