மூப்பர் டோல்மன் தொட்டியைத் திறந்துவிட்ட சனிக்கிழமை

எங்கள் சபையில் மீசை சரியாக முளைக்காத பையன்களுக்குத்தான் மூப்பர் பட்டம். பத்தொன்பது வயதில் அமெரிக்காவிலிருந்தோ வேறு எங்கிருந்தோ வெள்ளைச் சட்டையும், நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாக எங்கள் லியேஜ் நகரில் வந்து இறங்குவார்கள். இரண்டு வருஷம் ஊழியம். எங்கே போனாலும் இருவராகத்தான் போகவேண்டும். காப்பி கூடாது, பீர் கூடாது, பெண்பிள்ளைகளோடு சுற்றக் கூடாது. பெல்ஜியத்தில் இதையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது மழையும் உருளைக்கிழங்கு வறுவலும்தான்.

மூப்பர் டோல்மனுக்கு அதுகூடப் பெரிய விருந்தாக இல்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் அவன் அப்பா பயிரிடுவதே உருளைக்கிழங்குதான்.

காலை ஆறரைக்கு எழுந்து, படித்து, ஜெபித்து, பத்து மணிக்கு வீடு வீடாகக் கதவு தட்டிப் போதிக்கக் கிளம்புவான். கூட்டாளி மூப்பர் தெமாரி தஹிதித் தீவுக்காரன். எங்கள் ஊர் மொழியான பிரெஞ்சைப் பிறந்ததிலிருந்து பேசுகிறவன். ஆனாலும் டோல்மன்தான் முதலில் வாயைத் திறப்பான். அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் கதவு மூடிவிடும். அடுத்த கதவு. நான் பேருந்து ஓட்டுகிறவன். ஒரே நாளில் மூன்று நிறுத்தங்களில் இருவரும் நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கதவைத் திறக்காத ஊர், வீடு மாற்ற மட்டும் அவர்களைத் தேடிவந்து கூப்பிட்டது. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் மாடிப்படியில் ஒரு நாற்காலி இறங்கவே நாலு பேர் வேண்டும். இரண்டு வருஷத்தில் டோல்மன் முப்பத்தொன்பது குளிர்சாதனப் பெட்டி சுமந்தான். எண்ணிக்கை என்னுடையதல்ல, அவனே டைரியில் எழுதிவைத்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று எழுத வேண்டிய பக்கம் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. திங்கட்கிழமைதோறும் வீட்டுக்குப் பேசும்போது அவன் அப்பா அதைத்தான் முதலில் கேட்பாராம்.

ஊருக்குத் திரும்ப ஐந்து மாதம் இருக்கும்போது செர்வே ஐயா அகப்பட்டார். நாற்பது வருஷம் மியூஸ் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், நீச்சல் தெரியாதவர். செத்துப்போன மனைவியின் அலமாரியை நாலாம் மாடியிலிருந்து இறக்கப் பையன்களைக் கூப்பிட்டார். இறக்கி முடித்ததும் உட்கார்ந்து அழுதார். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் போனார்கள். அப்புறம் வாரம் மூன்று நாள் வேதப் பாடம், அவர் கையால் சூப்பு.

"நான் முங்கறேன்டா தம்பி," என்றார் ஒருநாள். "நீ ஊருக்குப் போறதுக்கு முந்தின சனிக்கிழமை வெச்சுக்கோ."

டோல்மனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. எங்கள் வழக்கத்தில் தலையில் தெளிப்பதெல்லாம் கிடையாது. ஆள் முழுக்க மூழ்கவேண்டும். இரண்டு சாட்சிகள் நின்று பார்ப்பார்கள். கால் கட்டைவிரல் வெளியே தெரிந்தாலும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. அதனால் செர்வே ஐயாவின் சோபாவில் ஒத்திகை நடந்தது. நானும் ஒரு சாட்சி என்பதால் போயிருந்தேன்.

"காலத் தூக்காதீங்க ஐயா!"

"நான் எங்கடா தூக்கறேன்? அதுவா எந்திரிக்குது."

"மூச்சப் புடிச்சுக்கிட்டு அப்படியே என் கையில சாஞ்சுருங்க."

"சோபாவுல எதுக்குடா மூச்சப் புடிக்கணும்?" என்று கேட்டார். ஆனால் முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

சபைச் சட்டப்படி வேறொரு மூப்பர் வந்து அவரிடம் விசுவாசத்தைப் பற்றிக் கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் செர்வே ஐயா ஆமாம் போட்டார். சனிக்கிழமை சபைக் கட்டடத்தில் ஞானஸ்நானத் தொட்டி நிரம்ப மூன்று மணி நேரம் ஆனது. இருபத்திரண்டு பேர் வந்தார்கள். என் மனைவி ஒடில் கேக் செய்திருந்தாள்.

உடை மாற்றும் அறையில் நான்தான் அவருக்கு வெள்ளை உடுப்பை மாட்டிவிட்டேன். பொத்தான் போடும்போது அவர் தொட்டி இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருந்தா வேணாம்ணே, இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்றேன்.

"இன்னொரு நாள் இவன் இருக்க மாட்டானே. எனக்கு இந்தப் பொஸ்தகமெல்லாம் ஏறலப்பா. புள்ள வெறுங்கையோட ஊருக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்."

மீதிப் பொத்தான்களையும் போட்டுவிட்டேன். அவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்றுதான் எனக்கும் இருந்தது.

டோல்மன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை நீட்டினான். செர்வே ஐயா கைப்பிடியை இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பையன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்; அவர் மற்றக் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கவில்லை.

"ஐயா, இவ்ளோ பயந்துக்கிட்டு எதுக்கு இறங்குறீங்க?" என்று மெல்லக் கேட்டான்.

கிழவர் என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"உனக்காகத்தான்டா."

"கடவுளுக்காக?"

"அவரு எனக்கு இன்னும் அறிமுகம் ஆகலடா தம்பி."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். டோல்மனின் காது சிவந்துவிட்டது. அப்புறம் குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, அடியில் இருந்த அடைப்பானைப் பிடுங்கினான்.

"டேய், என்ன பண்ற? மூணு மணி நேரம் நிரப்புன தண்ணிடா!" என்று கத்தினார் செர்வே ஐயா. "நான் ஆமான்னு சொல்றேன், முக்குடா!"

"எனக்காக வேணாம் ஐயா. சாமி அறிமுகமானப்புறம் நீங்களா வாங்க. நான் இல்லாட்டி என்ன, வேற யாராவது முக்கிவிடுவாங்க."

சொல்லிவிட்டு அழுதான். அவர் அவனைக் கட்டிக்கொண்டு திட்டினார். தண்ணீர் இறங்கி முடியும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். கேக்கை எல்லோரும் தின்று தீர்த்தோம்.

செவ்வாய்க்கிழமை ரயில் நிலையத்தில் அவன் பெட்டியை செர்வே ஐயாதான் தூக்கிக்கொண்டு நடந்தார். யாரையும் தொட விடவில்லை. "வெறுங்கையோடதானே போற, வீசிக்கிட்டே நட," என்று கேலி வேறு. பையன் சிரித்தான். டைரியில் அந்தப் பக்கம் வெள்ளையாகவே போனது.

அவன் போன பிறகும் இரண்டு நாள் எனக்கு அவன்மேல் கோபம். பேருந்தில் பயணிகளிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். அது கோபமில்லை, செர்வே ஐயாமேல் பொறாமை என்று பிறகுதான் புரிந்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன் அதே தொட்டியில் நான் இறங்கியது ஒடிலுக்காக. அவள் வீட்டில் பெண் கொடுக்க வேண்டுமானால் அது ஒன்றுதான் வழி. எனக்கும் ஒரு மூப்பர் இருந்தான். நல்ல பையன்தான், எதற்காக இறங்குகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன்.