மழை திறந்துவிட்ட தண்ணீர்

எங்கள் தெருவில் கடவுளுக்கு அடுத்தபடியாக அதிகம் திட்டு வாங்குகிற ஆள் மழை. வானத்திலிருந்து பெய்கிற மழையைச் சொல்லவில்லை. குடிநீர்ப் பிரிவில் வால்வு திறந்துவிடுகிற மனிதரைச் சொல்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சைக்கிளில் வருவார். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, அதன் தலையில் குறுக்குக் கம்பி. தெருமுனையில் இருக்கிற மூடியைத் தூக்கி, சாவியைக் குழிக்குள் இறக்கி, செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவார். தெருவிலுள்ள குழாய்கள் எல்லாம் முதலில் இருமும், பிறகு துப்பும், பிறகுதான் தண்ணீர். வருகிற நேரம் அவருக்கே தெரியாது என்பதால் யாரோ ஒரு குறும்புக்காரன் வைத்த பெயர் இது. "மழை வருதா?" என்று மாடியிலிருந்து கேட்பார்கள். "மழை டீ குடிக்குது" என்று கீழேயிருந்து பதில் வரும்.

கடவுளும் அவரும் வாங்குகிற திட்டுகளில் வார்த்தைகூட மாறாது. கண்ணு தெரியலையா, காது கேக்கலையா, எதிர்வீட்டுக்கு மட்டும் கொட்டுதே, நாங்க என்ன குறை வெச்சோம். மழை பதில் சொல்வார் என்பது ஒன்றுதான் வித்தியாசம். "மேட்டுல வீட்டக் கட்டிட்டு என்னத் திட்டினா எப்படிம்மா? தண்ணி என்ன லிஃப்டுலயா ஏறும்?" என்பார்.

இதே தெருவில்தான் அவர் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் பஸ் கண்டக்டர். மாடி வீடு. நான்கு வயதில் ஒரு பேத்தி, பட்டப்பெயர் வாலு. தாத்தா சுற்றுவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் கரண்டியைத் தரையில் ஊன்றிச் சுற்றி, "தண்ணி விட்டாச்சு, எல்லாரும் வாங்க" என்று கத்துவாள். தண்ணீர் வரவில்லை என்றால் தாத்தாவைவிட நல்ல பதில் சொல்வாள்: "நாளைக்கு."

மழையின் வேலையில் ஒரு விதி உண்டு. குழாய் உடைந்து, தோண்டி, ஒட்டுப்போட்டு மூடினால் உடனே வீடுகளுக்குத் தண்ணீர் விடக்கூடாது. பள்ளத்தில் தேங்கிய சேறும் பக்கத்துச் சாக்கடைக் கசிவும் உள்ளே போயிருக்கும். தெருவின் வால்முனையில், சாக்கடையைப் பார்த்தபடி ஒரு கழிவு வால்வு இருக்கிறது. அதை முதலில் திறக்க வேண்டும், அப்புறம் தலைமுனையில் இருப்பதை. வருகிற தண்ணீரெல்லாம் காப்பி நிறத்தில் சாக்கடைக்குப் போகும். அது வெளுத்து, தெளிந்து, உள்ளங்கையில் ஏந்தினால் ரேகை தெரிகிறவரை போகவிட வேண்டும். அதுவரை வீட்டுக் குழாய்களில் வெறும் காற்றுதான். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? இங்கே குடம் காய்ந்து கிடக்கிறது, அங்கே தண்ணீர் சாக்கடைக்குள் குதித்துக் கும்மாளம் போடுகிறது, இந்த மனிதர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கழுவிவிடுகிற நாட்களில் தெரு புதிய கெட்ட வார்த்தைகளைக் கண்டுபிடிக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான். பார லாரி ஒன்று ஏறிக் குழாய் உடைந்து, தெரு பல நாள் காய்ந்து கிடந்தது. ஒட்டுப்போட்டு முடித்தார்கள். மழை வால்முனையைத் திறந்து கழுவிக்கொண்டிருந்தார். காப்பி நிறம் போய் வெளிறிய மஞ்சள் வந்த நேரத்தில் மகளிடமிருந்து போன்.

"அப்பா, எங்க இருக்க? பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. குளிப்பாட்டக்கூடத் தண்ணி இல்ல. சீக்கிரம் விடேன்."

"கழுவிட்டு விடுறேம்மா."

"நாள் பூரா கழுவுவியா? ஊரெல்லாம் என்னத்தான் கேக்குது, உங்கப்பாவுக்குச் சாக்கடைமேல அவ்ளோ பாசமான்னு. இந்தா, உன் பேத்தியே சொல்லட்டும்."

போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "தாத்தா, தண்ணி விட்டாச்சா?"

மழை குனிந்து பார்த்தார். ஏறக்குறையத் தெளிவாகத்தான் இருந்தது. கழிவு வால்வை மூடினார். தெரு முழுக்கக் குழாய்கள் இருமின. அன்றைக்கு அவரை வாழ்த்தாத வாய் இல்லை. தையல்காரர் கடையை விட்டு எழுந்து வந்து கைகொடுத்தார். மகள் வீட்டுக்குப் போனபோது வாலு தொட்டித் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்தாள். அதே குழாயில் மழையும் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் வாலுவுக்கு வாந்தி. பிறகு வயிற்றாலே போயிற்று. பொழுது சாய்வதற்குள் கண் குழிவிழுந்து, கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தெருவில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு வயிறு கலங்கிச் சரியானது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. மழைக்கு ஓர் ஏப்பம்கூட வரவில்லை.

டாக்டரம்மா சின்னப் பெண். தூக்கம் இல்லாத முகம். "தண்ணியா இருக்கலாம், கீழ கிடந்தத எடுத்து வாயில போட்டிருக்கலாம், சொல்ல முடியாது. உடம்புல நீர்ச்சத்து ரொம்ப இறங்கிடுச்சு. ட்ரிப்ஸ் ஏறுது. ஆனா வாயில குடுத்தாக் குடிக்க மாட்டேங்கறா, அதான் கவலையா இருக்கு. தானா தண்ணி கேக்கட்டும். கேட்டுட்டா பயமில்ல."

மகளுக்குக் கடைசி வாக்கியம் மட்டும் கேட்டது. மழைக்கு முதல் சொல் மட்டும் கேட்டது.

வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். கை கழுவும் தொட்டியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மழை எழுந்து போய் இறுக்கினார். உட்கார்ந்தார். மறுபடி சொட்டு. மறுபடி எழுந்தார். உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது, எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் எழுந்தார். வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் நர்ஸின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார். வேகமாக வருகிற செருப்பா, மெதுவாக வருகிற செருப்பா என்பதில் அவருடைய உயிர் போய்ப்போய் வந்தது.

மருமகனின் பெரியம்மா வந்து சேர்ந்தார். கடவுள் சார்பாகப் பேச அவர் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

"ஏன் பெரியம்மா," என்றாள் மகள். "அவளுக்கு நாலு வயசு. ஒழுங்காப் பொய்கூடச் சொல்ல வராது. அவள எதுக்கு இப்படிப் படுத்தணும்? அன்பானவர் அன்பானவர்னு சொல்றீங்களே."

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா. அன்பு வெச்சவங்களத்தான் அவர் சோதிப்பார்."

"அப்போ எங்கமேல கொஞ்சம் குறைச்சு வெக்கச் சொல்லுங்க."

பெரியம்மா அசரவில்லை. அடுத்த காரணத்தை எடுத்தார். "பெருசா வர வேண்டியது சின்னதாப் போகுதுன்னு நெனச்சுக்கோ."

"சின்னதா? உள்ள போய் அந்தக் கையப் பாருங்க. ஊசி குத்த நரம்பு கிடைக்காம நாலு இடத்துல குத்தியிருக்காங்க. அவ அழக்கூட இல்ல. அழுதாக்கூட நான் நிம்மதியா இருப்பேன்."

 பெரியம்மா குரலைத் தாழ்த்தி, "நமக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கும்மா," என்றார்.

அந்தக் காரணம் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. செருப்பில் காய்ந்த சேற்றோடு.

சொல்லிவிடலாமா என்று மழை யோசித்தார். கழுவி முடிக்காமல் திறந்துவிட்டேன் என்று ஆரம்பிக்கலாம். ஏன் திறந்தாய் என்று கேட்பாள். நீ கேட்டாய், குழந்தை கேட்டது, அதனால் திறந்தேன் என்று முடிக்க வேண்டிவரும். குழந்தை இந்த நிலையில் கிடக்கும்போது அந்தப் பாறாங்கல்லைத் தூக்கி அவள் மடியில் வைப்பதா? சொல்லாவிட்டால் திட்டு கடவுளுக்குப் போகிறது. கடவுளுக்குப் பழக்கம், மகளுக்குப் பழக்கமில்லை. வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் இன்னொன்றையும் அவர் கவனித்தார், கவனித்துவிட்டுக் கூசிப்போனார். மகள் கடவுளைத் திட்டும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பக்தர்களில் பல வகை உண்டு. தன் பங்குத் திட்டையும் வாங்கிக்கொள்ள மேலே ஒருவர் இருக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மழை அன்று இரவு முழுக்க அந்த வகையில்தான் இருந்தார். அதிலும் அவர் மனம் நிம்மதியாக இருக்க விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தது: தெருவே அந்தத் தண்ணீரைக் குடித்தது. நானும் குடித்தேன். தப்பு செய்த என் வயிற்றை விட்டுவிட்டு, கரண்டியை வைத்துக்கொண்டு சுற்றிய குழந்தையின் வயிற்றை எப்படித் தேடிப் போயிற்று? இதற்குச் சேறு காரணம் சொல்லாது. குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் தண்ணீர் விடுகிற முறை. குடிநீர்ப் பிரிவு மேஸ்திரி போன் செய்தார். "பேத்திக்கு எப்படி இருக்கு? நீ வராட்டி அந்தத் தெருவுக்கு விட ஆள் இல்லையே." மருமகனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மழை கிளம்பினார். குழந்தையின் துணிகளை அலசி எடுத்து வர மகளும் வீட்டுக்கு வந்தாள். அதுவரை வாலு தண்ணீர் கேட்கவில்லை.

மழை நேரே வால்முனைக்குப் போனார். கழிவு வால்வைத் திறந்தார். பிறகு தலைமுனைக்குப் போய் அதைத் திறந்துவிட்டு, மறுபடி வால்முனைக்கு வந்து நின்றார். தண்ணீர் மஞ்சளாக வந்தது. வெளுத்தது. ஏறக்குறையத் தெளிந்தது. அவர் மூடவில்லை.

வீடுகளில் குழாய்கள் காற்றை ஊதின. முதலில் தையல்காரர் வந்தார். முந்தாநாள் கைகொடுத்த அதே தையல்காரர். "யோவ் மழை, சாக்கடைக்கு என்ன அவ்ளோ தாகமா?"

"கொஞ்சம் பொறுங்க."

"எவ்ளோ பொறுக்கறது? தண்ணி கண்ணாடி மாதிரி வருது, எவன் வீட்டுச் சொத்துன்னு கொட்டுற?"

மேட்டு வீட்டு அம்மா இடுப்பில் குடத்தோடு சேர்ந்துகொண்டார். "அண்ணே, உங்க பேத்தி முடியாமக் கிடக்குறா, மனசு கேக்கல, ஒத்துக்கறேன். அதுக்கு எங்க குடத்து மேலயா கோவத்தக் காட்டறது?"

கூட்டம் கூடிவிட்டது. மழை குனிந்து ஒரு கை தண்ணீரை ஏந்தினார், பார்த்தார், கொட்டினார். மறுபடி ஏந்தினார். ரேகை தெரிகிறதா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்போது வாளியோடு மகள் வந்தாள்.

"அப்பா, போதும்ப்பா. நான் ஓடணும். தெளிஞ்சிருச்சே."

"இன்னும் இல்ல."

"பாத்தாத் தெளிவாத்தானே இருக்கு?"

"பாத்தாத் தெளிவாத்தான் இருக்கும்," என்றார் மழை.

அவர் சொன்ன விதம் அவளை நிறுத்தியது. சாக்கடையில் விழுகிற தண்ணீரைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கும் இப்படி நின்னியாப்பா?"

தெரு ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தது. யாருக்கும் இது கேட்கவில்லை.

"இல்லம்மா," என்றார்.

"நான்தானே போன் பண்ணேன்," என்றாள். "பாப்பாகிட்ட வேற போனக் குடுத்தேன்."

"கேட்டது நீ. திறந்தது நான். கேக்கறவங்க கேக்கத்தான் செய்வாங்க. சாவி யார் கையில இருந்துச்சு?"

அவள் சுவரில் சாய்ந்தாள். அவர் எதிர்பார்த்த கத்தல் வரவில்லை. "அப்போ ரெண்டு நாளா நான் கடவுளத் திட்டினதெல்லாம்?" என்றாள்.

"திட்டு. விட்டுடாத." மழை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவசரப்பட்டது நான், அது என்னோடது. ஆனா அதே குழாய்ல நானும் குடிச்சேன், உங்க வீட்டு டம்ளர்ல. எனக்கு ஒண்ணும் ஆகல. என் தப்புக்கு என்னப் படுக்க வெச்சிருக்கலாமே. ஏன் வெக்கலன்னு அவரத்தான் கேக்கணும். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்போ எதுக்கு நிக்கறேன்னு இவங்ககிட்ட சொன்னாலே நம்ப மாட்டேங்கறாங்க. அவரும் எதுக்கோ நிக்கறாரா, இல்ல அங்க ஆளே இல்லையா, எனக்கு எப்படித் தெரியும்?"

மகள் மூக்கைச் சிந்தினாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "கொஞ்சம் சும்மா இருங்க எல்லாரும். அவர் வேலைய அவர் பாக்கட்டும்," என்றாள். மேட்டு வீட்டு அம்மா, "நல்லாருக்கே, அப்பனும் பொண்ணும்," என்று குடத்தை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

கடைசியாக ஏந்திய தண்ணீரை அவளே தன் கையில் வாங்கிப் பார்த்தாள். தலையாட்டினாள். மழை கழிவு வால்வை மூடச் சாவியைக் குழிக்குள் இறக்கிச் சுற்ற ஆரம்பித்தார். பாதிச் சுற்றில் அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது.

கையை எடுத்திருக்கலாம். எடுக்க வரவில்லை. குறுக்குக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மகள்தான் பையில் கைவிட்டு எடுத்தாள். மருமகனின் பெயரைப் பார்த்தாள். காதில் வைத்தாள்.

"சொல்லுங்க," என்றாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். தையல்காரர்கூட வாயை மூடிவிட்டார்.

"தண்ணி கேக்குறாளாம்ப்பா."

சாவி மறுபடி சுற்றத் தொடங்கியது. தலைக்கு மேலே மாடி வீட்டில் ஏதோ ஒரு குழாய் இருமியது. மழை நிமிரவில்லை.

"எந்தத் தண்ணி குடுக்கப் போறார்னு கேளு," என்றார்.