ரேடியோ நின்றுபோன சலூன்

அந்த முடிதிருத்துபவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்து போகும்வரை வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். வீட்டின் முன்னறைதான் கடை. திரைச்சீலைக்குப் பின்னால் குடித்தனம். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவருடைய மாமனாரைப் பார்த்துக்கொள்ள வீட்டு நர்ஸாக நான் போனபோது ரேடியோ நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன.

"ரிப்பேர் ஆயிடுச்சு பெரியம்மா," என்றாள் அவர் மனைவி, தன் அப்பாவின் தலையணையை உதறியபடி. "என்னைப் பாக்குற பார்வையே யாரோ மூணாம் மனுஷியைப் பாக்குற மாதிரி இருக்கு. மனசு வேற எங்கயோ போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை அண்ணன் வண்டி கொண்டு வர்றான். அப்பாவையும் கூட்டிக்கிட்டுக் கிளம்புறேன்."

புருஷன் பெண்டாட்டி வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. முதுகில் புண் வராமல் கிழவரைப் புரட்டிப் படுக்க வைப்பதுதான் என் வேலை.

காலையில் மாமனாருக்குச் சவரம் செய்ய மருமகன் வருவார். வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து, சூடு தாங்குமா என்று தன் முன்கையில் வைத்துப் பார்ப்பார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அந்த வாரம் ஒரு நாள் வைத்தவர் எடுக்கவே இல்லை. ஆவி எழுந்து அவர் முகத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் நின்று, வெகு தூரத்தில் நகரும் எதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டைப் பிடுங்கினேன். முன்கை முழுக்கச் சிவந்த தடங்கள், பழையதன்மேல் புதியது.

"சுடலியா உங்களுக்கு?"

"சுடுதும்மா. ஆனா வேற யாருக்கோ சுடுது."

அவர் கையைக் குளிர்ந்த நீரில் பிடித்துக்கொண்டே என்ன செய்கிறது என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார். "எல்லாம் தண்ணிக்கடியில இருக்கிற மாதிரி இருக்கு. எதிர்ல ஒருத்தர் பேசுனா பக்கத்து ரூம்ல இருந்து வர்ற மாதிரி கேக்குது. கத்திரி பிடிச்ச கை என்னோடதுதான்னு தெரியும், ஆனா அது பாட்டுக்கு வெட்டுது. கண்ணாடிக்குள்ள இருக்கிறவங்கதான் கொஞ்சம் நிஜமாத் தெரியுறாங்க."

"வீட்டுல சொன்னீங்களா?"

"பைத்தியம்னு பேராயிட்டா? கத்தி பிடிக்கிற தொழில்மா. எவன் வந்து கழுத்தை நீட்டுவான்?"

இது எனக்குப் பயிற்சியில் சொல்லித் தந்த விஷயம். புத்தி பேதலித்தவர் பெரும்பாலும் தான் காண்பதைச் சந்தேகிக்க மாட்டார். இவரோ ஓயாமல் சந்தேகப்பட்டு, தன்னையே சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றமும் தூக்கமின்மையும் நெடுநாள் நீடித்தால் சில மனங்கள் ஷட்டரை இறக்கிவிடும். மாமனார் விழுந்த நாளிலிருந்து இந்த மனிதர் சரியாகத் தூங்கவில்லை. ஆள் உள்ளேதான் இருக்கிறார், வெளிச்சம்தான் வருவதில்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய், காட்டினால் தேறக்கூடியது.

"முதல்ல உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க. அவ பெட்டி கட்டிக்கிட்டிருக்கா."

"முகத்தைப் பாத்தா வார்த்தை வரலம்மா."

"அப்ப கண்ணாடியைப் பாத்துச் சொல்லுங்க."

ஞாயிறு பிற்பகல் கடைக்கு விடுமுறை. அவளைச் சலூன் நாற்காலியில் உட்கார வைத்தார். நான் திரையோரம் கிழவருக்கு ஸ்பூனால் பால் புகட்டிக்கொண்டிருந்தேன். எதிரெதிர்க் கண்ணாடிகளில் இருவரும் அடுக்கடுக்காக, சிறுத்துக்கொண்டே, பச்சை படர்ந்த ஓர் ஆழத்துக்குள் இறங்கிப் போனார்கள். அந்த ஆழத்தில் இருந்த ஒருத்தியிடம்தான் அவர் பேசத் தொடங்கினார்.

"நீதான்னு தெரியுது. ஆனா நீன்னு மனசுல படல. உன்னை மட்டுமில்ல. என்னையும்தான்."

வெயிலில் பவுடர் துகள்கள் மிதந்தன.

"இதையா இத்தனை நாளா வயித்துக்குள்ள வச்சிருந்தீங்க?" அவள் குரல் உயர்ந்தது. "நான் அந்தத் துணிக்கடைக்காரியைச் சந்தேகப்பட்டு அவகூடப் பேசுறதையே விட்டுட்டேன்!"

"எந்தத் துணிக்கடைக்காரி?"

"அதை விடுங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். நானும் வருவேன். பக்கத்துலயே உக்காந்திருப்பேன், மனசுல பட்டாலும் சரி, படாட்டியும் சரி. இப்ப முடியை வெட்டுங்க."

"கை என்னோடதாவே தெரியலியே."

"கை யாரோடதா வேணா இருக்கட்டும். தலை என்னோடது. வெட்டுங்க."

மறுநாளே ஷட்டர் திறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பல மாதம் பிடித்தது, அதுவும் அங்குலம் அங்குலமாக. ஆனால் அன்று வாசலில் ஹாரன் கேட்டபோது நான்தான் வெளியே போனேன். அண்ணன்காரர் இறங்கி, "பெட்டியெல்லாம் எங்க?" என்றார்.

"உங்க தங்கச்சி வரல தம்பி. பாதித் தலையோட எழுந்திரிக்க முடியாதாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே கத்திரி தயங்கித் தயங்கி ஓடிக்கொண்டிருந்தது.