பந்தைத் திருப்பி வாங்காத கப்டன்

நாங்கள் குடிவந்த எம்மன்புரூக்கே ஊர் மைதானத்தில் என் மகள் எறிந்த பேஸ்பால் பந்தை மறுபடியும் தூரத்துக்கு அடித்துவிட்டார்கள். மட்டையில் பந்து பட்ட அந்தச் சத்தம் என்னை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்கு இழுத்துப்போனது.

அன்று கிரிக்கெட்டில் பந்து வீசியவன் என் அண்ணா. முகமெல்லாம் செம்மண் தூசி. அவன் போட்ட பந்தெல்லாம் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்தது. ஆனாலும் கப்டன் அவனை மாற்றவேயில்லை. வேலியடியில் நின்ற அப்பாவோ, "விடாதை, நீதான் முடிக்கவேணும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தபோது அண்ணாவால் கையைத் தூக்க முடியவில்லை. அம்மாதான் சோற்றைக் குழைத்துத் தீத்திவிட்டார். "ஏலுமோ எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை" என்றான். அதன்பிறகு அவன் பந்தைத் தொடவேயில்லை.

இப்போது மகளைப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. எழுந்துபோய், "பிள்ளையை மாத்துங்கோ" என்று பயிற்சியாளரிடம் ஜேர்மன் மொழியில் சொன்னேன்.

"நான் கேட்டுவிட்டேன். அவள்தான் மாட்டேன் என்கிறாள்" என்றார் அவர்.

மகள் தோளைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "அம்மா, போய் இருங்கோ. நான் முடிச்சிட்டு வாறன்."

போய் இருந்தேன். அடுத்த பந்தையும் அடித்தார்கள். இந்தமுறை யாரைத் திட்டுவதென்றே எனக்குத் தெரியவில்லை.