எல்வுட் ஐயா திறந்ததும் ரெனிட்டா மூடியதும்

பதினெட்டு அங்குலம். ரெனிட்டா ஸ்புரூயில் வேலை செய்யும் இடத்தின் உயரம் அவ்வளவுதான். வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்தில் எங்கள் வீடுகள் தாழ்ந்த செங்கல் சுவரின் மேல் தூக்கிக் கட்டப்பட்டவை. மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில் அவர் இருபத்திரண்டு வருடமாகத் தவழ்கிறார். ஈரமேறிய உத்திரம், பூஞ்சணம், ஒழுகும் குழாய் எல்லாம் பார்த்தாயிற்று. ஒருமுறை ஓர் ஆமையோடு நேருக்கு நேர். வயது ஐம்பத்து மூன்று. முழங்கால் பட்டையைக் கழற்ற மறந்து மளிகைக் கடைக்கு வந்துவிடுவார். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காரும் முன் குதிகாலால் தரையை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்.

இந்த ஜூலையில் எல்வுட் பிளவுன்ட் வீட்டுப் படுக்கையறையில் அப்படித் தட்டியபோது கால் அமுங்கியது.

எல்வுட் எங்கள் தேவாலயச் சபையின் டீக்கன், போதகருக்குத் துணையாக இருப்பவர், எழுபத்து நாலு வயது. அவர் மனைவி வெர்னா இடுப்பெலும்பு உடைந்து மருத்துவமனையில் இருந்தார். நடைவண்டியைப் பிடித்துத்தான் இனி நடக்க வேண்டும். தரை உறுதியாக இருக்கிறதென்று இயன்முறைச் சிகிச்சையாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வீடு. இல்லையென்றால் நாற்பது மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லம். பன்னிரண்டு நாள் அவகாசம்.

ரெனிட்டா அடியில் போய்ப் பார்த்தார். உத்திரங்களில் நீர் முத்து முத்தாக நின்றது. ஏசி குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் குத்திய ஈரமானி இருபத்து நாலு சதவீதம் காட்டியது. பதினாறுக்குக் கீழே இருக்க வேண்டும். அழுகியதை வெட்டி எடுத்துப் புது மரம் கோத்தார், மண்மேல் தடித்த பிளாஸ்டிக் விரித்தார், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டார். அடிச்சுவரைச் சுற்றியிருந்த எட்டுக் காற்றுத்துளைகளையும் மூடினார். நான்காம் நாள் ஈரமானி பத்தொன்பது. ஆறாம் நாள் இருபத்திரண்டு.

வெளியே வந்து பார்த்தால் எட்டுத் துளையும் திறந்திருந்தன.

"டீக்கனய்யா, இதத் தொறந்தது யாரு?"

"நாந்தான். ஊரே வெந்து கெடக்கு, நீ இழுத்துப் பூட்டி வச்சிருக்க. வீடு மூச்சு விட வேணாமா?"

"நம்ம ஊரு ஜூலைக் காத்து மூச்சு இல்லய்யா, ஈரத் துணி. உள்ள போயி குளுந்த குழாயில ஒட்டித் தண்ணியா எறங்குது."

"ஏம்மா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தொறந்தவன் நான்."

அது உண்மை. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை துளைகளைத் திறப்பதும் நவம்பரில் மூடுவதும் எங்கள் பக்கத்து வழக்கம். எல்வுட் தன் வீட்டோடு நிற்க மாட்டார். திருகாணி முடுக்கியை எடுத்துக்கொண்டு, தெருவில் தனியாக இருக்கும் ஆறு பெண்களின் வீட்டிலும் குனிந்து குனிந்து திறந்து வைப்பார். அவர்கள் கேக் கொடுத்து அனுப்புவார்கள்.

ரெனிட்டா முழங்கால் பட்டையைக் கழற்றிப் படியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. பதினோரு வருஷமா நீங்க தொறந்துட்டுப் போற ஆறு வீட்டையும் அடுத்த திங்கக்கெழம நான் போயி மூடிருக்கேன்."

எல்வுட் அவர் பக்கம் திரும்பினார். "நவம்பர்ல மூடப் போறப்ப எல்லாம் மூடியே இருக்கும். எனக்கு இடுப்பு வலிக்கும்னு அவங்களே மூடிட்டாங்கன்னு நெனச்சேன். நல்ல பொம்பளைங்கன்னு சபையில வேற சொன்னேன்."

"நல்ல பொம்பளைங்கதான். உங்க மனசு நோகக் கூடாதுன்னு வாயத் தொறக்கல."

"என் வீடு?"

"அது மட்டும் விட்டுட்டேன். தெனம் காலைல நாயக் கூட்டிட்டு வீட்டச் சுத்தறீங்க, கண்ணுல பட்டுரும்." அவர் தலை குனிந்துகொண்டார். "சொல்லிருக்கணும். சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. வெர்னாம்மா தரைய நானும் சேந்துதான் அழுக விட்டேன்."

எல்வுட் கையை நீட்டினார். "அந்தக் கருவியக் குடு" என்று வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். அங்கே இருக்கும் ஹேட்டி பெண்டர் அந்த ஆறு பேரில் ஒருவர். வீட்டடிக்குப் போகும் சிறு கதவைத் திறந்து, ஞாயிறு ஆராதனைக்குப் போடும் நல்ல சட்டையோடு புல்லில் குப்புறப் படுத்து, கைக்கு எட்டிய உத்திரத்தில் ஈரமானியைக் குத்தினார்.

ஹேட்டி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "டீக்கனய்யா விழுந்துட்டாரா?"

"இல்ல, படிக்கிறாரு" என்றார் ரெனிட்டா.

ஈரமானியில் பன்னிரண்டு. எல்வுட் எழுந்து தன் வீட்டுக்குப் போய் அதேபோல் படுத்துக் குத்தினார். இருபத்திரண்டு. சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே வெர்னாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் வெர்னா சிரித்தது ரெனிட்டாவுக்கே கேட்டது.

"ஹேட்டி எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டா எல்வுட். நம்ம வீட்டையும் ரெனிட்டா மூடுறாளாக்கும்னு நெனச்சுட்டேன். இப்பவாச்சும் அந்தப் பொண்ணு சொல்றதக் கேளு. அந்த இல்லத்துல காப்பி நல்லா இருக்காதாம்."

எட்டுத் துளைகளையும் எல்வுட்டே மூடினார். பின்பக்கத்து ஒன்று துருப்பிடித்துச் சரியாக மூடவில்லை. அதற்கு ரெனிட்டா பலகை வெட்டிக் கொடுக்க, இவர் ஆணி அடித்தார். ஒன்பதாம் நாள் பதினேழு. பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, பதினான்கு. ரெனிட்டா மேல்பலகை பரப்பி முடித்தார். மறுநாள் மதியம் சிகிச்சையாளர் வந்து கட்டிலிலிருந்து குளியலறை வரை இரண்டுமுறை அழுத்தி நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வெர்னா வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறார்.